தைத்த சிறகு

அஞ்சல் தலை சேர்ப்பாரும் பழங்காசு தேடுவாரும் நம் கல்லூரியிற் பலர் உளர். அவர்தம் ஏடுகளைக் கண்டோர் வியப்பர்; நமது ஏட்டைக் கண்டோரோ முதலில் நகைப்பர். நாம் சேர்த்து வைத்திருப்பன துணித்துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையினுஞ் சிறியது. நடுவே விரிந்த குடையொன்றும், அதன் இருமருங்கும் இரு சிறகும் நூலாற் பூத்தையல் செய்யப்பெற்றிருக்கும். வானூர்தியினின்று பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கக் கற்ற படைவீரர் தம் உடுப்பில் தைத்துக்கொள்ளும் சின்னங்கள் இவை. புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், பழம்பொருட் கடைகளிலும், உறவினர் வீட்டுப் பரண்களிலுமாக இருபத்துமூன்று நமக்குக் கிடைத்தன. தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்கும் இக்கந்தைக்கும் யாது தொடர்பு என்று வினவும் நண்பர் பலர். அவர்க்கு விடுதியில் நின்றவாறே விடை கூறல் அரிதாகலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இத்துறையிற் புகுவார் முதலிற் கற்கும் பாடம் ஒன்றுண்டு. சின்னம் யாது என்பதினும், அஃது உடுப்பில் எவ்விடத்தே தைக்கப்பெற்றது என்பதே பெரிது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படையின் வான்குடை வீரர், வெண்குடையும் இளநீலச் சிறகும் உடைய சின்னத்தை வலக்கைச் சட்டையின் மேற்புறத்தே, தோளுக்குச் சற்றுக் கீழே அணிந்தனர். குதிக்கக் கற்றும் வான்குடைப் படையிற் பணிபுரியாதாருக்குச் சிறகு இல்லை. குடை மட்டும் உண்டு. அதனையும் வலக்கையின் கீழ்ப்புறத்தே அணிதல் வேண்டும். சிறகில்லாத அக்குடை தொலைவிற் காண்பார்க்கு மின்விளக்குக் குமிழ் போலத் தோன்றுமாகலின், படைவீரர் அப்பெயராலேயே அதனை எள்ளுவர். 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டேவிட் ஸ்டர்லிங் தோற்றுவித்த சிறு படையிலோ வழக்கம் இன்னும் நுட்பமானது. பயிற்சி முடித்தவன் சிறகை வலத்தோளில் அணிவான்; பகைவர் நிலத்துட் புகுந்து செயல்புரிந்து மீண்டவன் அதே சிறகை இட மார்பில் அணியும் உரிமை பெறுவான். துணி ஒன்றே, தையல் ஒன்றே. தோளினின்று மார்புக்கு வருவதற்கு ஒருவன் உயிரைப் பணயம் வைத்தல் வேண்டும்.

அமெரிக்கர் சின்னம் 1941-ல் யார்பரோ என்னும் இளம் அதிகாரி வரைந்தது. அதனை இட மார்பில் அணிவர்; அதன்பின் தத்தம் படைப்பிரிவின் நிறங்கொண்ட நீள்வட்டத் துணியொன்றையும் வைப்பர்; போர்க்களத்திற் குதித்தவனாயின் சின்னத்தின்மேல் ஒரு விண்மீன் ஏறும். பிரெஞ்சுப் படையினர் சின்னம் பெரும்பாலும் உலோகம். பின்புறத்தே எண் பொறித்திருக்கும். வல மார்பில் அணிவர். துணியிற் பூத்தையல் செய்த வடிவமும் அவர்க்கு உண்டு. தொப்பியிலும் வேற்றுமை காணலாம். ஆங்கில வீரன் தன் வட்டத்தொப்பியை வலப்புறம் சாய்த்து, அதன் சின்னம் இடக்கண்ணுக்கு மேலே நிற்குமாறு வைப்பான். பிரெஞ்சு வீரன் இடப்புறம் சாய்ப்பான். சின்னம் வலப்புறம் நிற்கும். பழைய நிழற்படமொன்றில் முகம் மங்கிப் போயிருந்தாலும், தொப்பி சாய்ந்த பக்கம் நாட்டைச் சொல்லிவிடும்.

தமிழ் படிப்பார்க்கு இஃதெல்லாம் புதிதன்று. ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடினான். அதனை மீட்கச் செல்வோன் கரந்தை சூடினான். எதிர்நின்று பொருவோன் தும்பையும், வென்றோன் வாகையும் சூடினர். போந்தை, வேம்பு, ஆர் என்னும் மூன்றும் மூவேந்தர்க்கு உரியன. போர்க்களத்தில் இன்னார் படை இது என வேற்றுமை தெரிதற்பொருட்டே அவை சூடப்பெற்றன என்பது தொல்காப்பியத்தாற் பெறப்படும். படைத்தலைவனுக்கு ஏனாதி என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும், வணிகனுக்கு எட்டிப்பூவும், பாணனுக்குப் பொற்றாமரையும் அரசர் அளித்தனர். விரலில் ஏற வேண்டியது விரலிலும், தலையில் ஏற வேண்டியது தலையிலுமே ஏறிற்று. வேந்தன் கொடாத மோதிரத்தைத் தானே செய்து அணிந்துகொண்ட ஏனாதி ஒருவனை நாம் எந்த நூலிலுங் கண்டிலோம். புறத்திணைப் பாடம் நடக்கும்போது நம் மனம் அடிக்கடி நமது துணி ஏட்டின்பாற் செல்வது இதனாலேயே. ஆசிரியர் இதனைப் படிப்பின், கவனக்குறைவுக்கு இதுவே காரணம் என்று கொள்வாராக.

நம் நாட்டுச் செய்தியும் சிறிது கூறுவோம். இந்திய வான்குடைப் படை 1941-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தில்லியில் தோன்றியது; 50-ஆம் இந்தியப் பாராசூட் பிரிகேடு என்பது அதன் பெயர். அப்படையிற் குதித்த முதல் இந்திய அதிகாரி துப்பாக்கி ஏந்தியவர் அல்லர்; மருத்துவர். ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் அவர் தமிழர்; சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். பின்னர் 60-ஆம் பாராசூட் கள மருத்துவப் படைக்குத் தலைவராய்க் கொரியா சென்று, 1951 மார்ச்சு 23-ல் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்க வான்குடைப் படையோடு தாமும் தம் சிறு குழுவினருமாகக் குதித்துப் புண்பட்டார்க்கு மருத்துவம் செய்தனர். மகாவீர் சக்கரம் அவர்க்கு அளிக்கப்பெற்றது. கொல்லாதார்க்கும் இச்சிறகு உரியது என்பதை அவர் வரலாற்றால் அறிந்தபின்னரே, போர்ச்சின்னம் சேர்ப்பதில் நமக்கிருந்த ஒருவகைக் கூச்சம் நீங்கிற்று.

நிற்க. நாம் பிறந்தது பாகூர்க் கொம்யூனில், ஏரி நீர் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். எம் பக்கத்தில் வீடு கேட்டு வருவோர்க்கு அடையாளம் கூறுவார், ‘சொல்தா வீட்டுக்கு அடுத்த வீடு’ என்று கூறுவது வழக்கு. சொல்தா என்பது படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1940 செப்டம்பரில் புதுச்சேரி, தெ கோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தது. அதன்பின் இந்தோசீனத்திலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் பணிபுரிந்த நம்மவர் பலர். 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரிற் கூடிய 178 உறுப்பினருள் 170 பேர் இந்தியாவோடு இணைதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள விரும்பினார்க்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டது. ஆதலின் ஒரே தெருவில் ஒரு வீட்டார் ஆகஸ்டு 15-ல் கொடியேற்றுவர். மற்றொரு வீட்டுக் கிழவர் சூலை 14-ல் பதக்கம் அணிந்து கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குச் செல்வர். அண்மைக் காலம் வரையில் நாம் கண்ட காட்சி இது. இப்போது அக்கிழவர் மிகச் சிலரே.

கிழவர் மறைய, அவர்தம் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. பெட்டிகள் திறக்கும் இடத்தில் வணிகர் தோன்றுகின்றனர். சட்டையோடு சின்னத்தை வாங்குதல் அவர்க்குப் பயன்தராது, சட்டை பருமன், பூச்சி அரித்தது, விலை போகாது. எனவே சின்னத்தை மட்டும் பிரித்தெடுப்பர். அவ்வாறு பிரித்த துண்டு ஒன்று, இடத்திலிருந்து பெயர்த்த கல்வெட்டுப் போல, எழுத்து இருந்தும் ஊர் இல்லாதது ஆகிவிடுகிறது. நாம் எந்தச் சின்னத்தையும் பிரிப்பதில்லை. சட்டையிலிருப்பின் அளந்து, வரைந்து, தோளிலிருந்து எத்தனை விரல், பையிலிருந்து எத்தனை விரல் என்று ஏட்டில் எழுதிக்கொண்டு வருவோம். இருபத்துமூன்று சின்னம் என்றோமே. வரைபடங்களோ நாற்பதுக்கு மேல் உள.

போலிகளும் மிகுதி. காசியில் சரிகைப் பூத்தையல் செய்வோர் பல நாட்டுப் படைகளுக்குச் சின்னம் தைத்து அனுப்புகின்றனர். அது நேரிய தொழில். அவ்வேலைப்பாட்டையே பழமைபோலக் காட்டித் தேயிலைச் சாற்றில் தோய்த்து விற்பாரும் உண்டு. புற ஊதா ஒளியிற் பிடித்தால் இக்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். பழம் பருத்தி நூல் ஒளிராது. ஆயினும் பழந்துணியை இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஆகவே நாம் ஒளியினும் முதுகையே நம்புவோம். சின்னத்தின் முதுகைத் திருப்பினால் ஊசித்துளைகள் தெரியும். ஒருமுறை தைத்ததா, பிரித்துப் பிரித்துத் தைத்ததா, கையால் தைத்ததா, பொறியால் தைத்ததா என்பதெல்லாம் அங்கே உண்டு. சட்டையிலும் அவ்வாறே: சின்னம் இருந்த இடத்தில் வெயில் படாமையால் நிறம் கருத்து நிற்கும்.

இவ்வறிவு சென்ற ஆண்டு எம் குடும்பத்தில் ஒரு சிக்கலை விளைத்தது.

எம் பாட்டனாரின் தமையனார், வில்லியனூர்க் கொம்யூனில் சங்கராபரணி ஆற்றுக்கு இப்பால் உள்ள ஓர் ஊரில் வாழ்ந்தவர். பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்து ஹனோயில் இருந்தவர். 2011-ல் அவர் இறந்தபோது நாம் சிறு குழவி. அவர் வானூர்தியினின்று குதித்த வீரர் என்பது ஊரார் கொள்கை. வீட்டுப் பெட்டியில் சிறகுச் சின்னம் ஒன்று, துணியிற் பூத்தையல் செய்தது, பிஸ்கோத்துத் தகரப்பெட்டியுட் பொத்தான்களோடு கிடந்தமையே அதற்குச் சான்று. அவர் தாமாக அவ்வாறு கூறியதாக ஒருவருங் கூறக் கேட்டிலோம். மறுத்ததாகவும் கேட்டிலோம். அவர் பேச்சுக் குறைந்தவர்.

கல்லறைத் திருநாளுக்கு முன் அவர் கல்லறையைப் புதுக்கிக் கருங்கல் பலகை பதிக்க எம் பெரியப்பா முனைந்தார். பலகையில் தந்தையாரின் மார்பளவு உருவும், அவ்வுருவில் சிறகுச் சின்னமும் செதுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கல்தச்சருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. “நீதான் இதெல்லாம் சேக்கிறியே! வலமா இடமா, எத்தனை விரல் கீழே, சரியாச் சொல்லு. நாளைக்கு ஒருத்தன் வந்து தப்புன்னு சொல்லக் கூடாது” என்று எமக்கு ஆள் விட்டார்.

நாம் சென்றோம். சட்டையையும் சின்னத்தையும் திண்ணை வெளிச்சத்தில் விரித்து வைத்தார். சின்னம் மெய்யானது, ஐயமில்லை. முதுகில் ஊசித்துளைகள் ஓரமெங்கும் இருந்தன. காக்கி நூலின் துணுக்குகள் நான்கைந்து ஒட்டியிருந்தன. எவனோ ஒருவன் அதனை நெடுநாள் அணிந்திருக்கிறான். சட்டையின் வல மார்பைப் பார்த்தோம். துளை இல்லை. நிற வேறுபாடு இல்லை. இட மார்பு, இரு தோள், இரு கை எல்லாவற்றையும் தடவினோம், எங்கும் இல்லை. அச்சட்டை அச்சின்னத்தை ஒருநாளும் ஏந்தியதன்று.

பெரியப்பா எம் முகத்தையே நோக்கி நின்றார். அவர் மகன், நம்மினும் இளையவன், பள்ளியில் தாத்தாவின் வீரத்தைப் பற்றிப் பேசிப் பரிசும் பெற்றவன், அருகே நின்றான். சான்று வேறு சட்டையில் இருக்கலாம் அன்றோ என்றும் ஒரு கணம் எண்ணினோம். படைவீரனுக்கு ஒரு சட்டைதானா? ஆயினும் வலம் என்று ஒரு சொல் சொன்னால் அது கல்லில் ஏறிவிடும். நடுகல்லிற் பெயரும் சிறப்பும் எழுதும் வழக்கைத் தமிழ்நூல்கள் எத்துணை முறை கூறுகின்றன! அங்கே எழுதியது மெய் என்னும் துணிவினாலன்றோ வழிப்போவார் அதன்முன் நின்றனர்? “பெரிய ஆயாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்” என்றோம். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கிழவிக்கு என்ன தெரியும் என்பது அவர் எண்ணம்.

பெரிய ஆயாவுக்கு அப்போது வயது எண்பத்தாறு. காது சிறிது மந்தம், கண் தெளிவு. சின்னத்தைக் கையிற் கொடுத்தோம். அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இத எங்கக் கண்ணு எடுத்தீங்க? இது அவுருது இல்லியே. தைக்கக் குடுத்தது” என்றார்.

அவர் கூறியதன் சுருக்கம் இது. பெரியபாட்டனார் படையில் தையற்காரர். உடைச்சாலையில் ஊசியும் பொறியுமே அவர் கருவி. வான்குடை வீரன் ஒருவன், பிரான்சு தேசத்து உழவர் மகன், இவரோடு நட்புடையவன், பழஞ்சட்டை கிழிந்து போனமையால் அதிலிருந்த சிறகைப் பிரித்துப் புதுச்சட்டையிற் தைத்துத் தரும்படி கொடுத்தான். மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனான். மறுநாள் விடியலில் அவர்களை வானூர்தியில் ஏற்றிவிட்டனர். அவன் பழஞ்சட்டையோடே, மார்பிற் சிறகின்றிச் சென்றான். புதுச்சட்டை உடைச்சாலைக் கணக்கிற் போயிற்று. சிறகு இவர் கையில் நின்றது.

அந்த விடியல் எது என்பதை ஆயா அறியார். நாம் அறிவோம் என்றே எண்ணுகின்றோம். 1953 நவம்பர் 20-ல் ஹனோய் வானூர்தி நிலையங்களினின்று புறப்பட்ட பிரெஞ்சு வான்குடைப் படை தியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. எங்கே இறங்கப் போகின்றோம் என்பது வீரர்க்கு முன்னரே கூறப்படவில்லை. அடுத்த மார்ச்சு மாதத்தில் வியட்நாமியர் அதனை முற்றுகையிட்டனர். முற்றுகையின் இறுதி வாரங்களில், முன்பு ஒரு முறையேனும் குதித்தறியாத வீரர் எழுநூற்றுவர் வரையில் தாமே விரும்பி முன்வந்து, பயிற்சியின்றி இரவில் அங்குக் குதித்தனர். இக்காலத்தில் பிரெஞ்சுப் படையில் ஆறு முறை குதித்தவனுக்கே சிறகு. அவர்கள் முதன்முறையே நெருப்பினுட் குதித்தவர்கள். 1954 மே 7-ல் அரண் வீழ்ந்தது. ஏறத்தாழப் பதினாயிரவர் சிறைப்பட்டனர். அவருள் மீண்டவர் பாதியினுங் குறைவு.

“வருவான் வருவான்னு வெச்சிருந்தாரு. ஊருக்கு வரும்போது விட்டுட்டு வர மனசில்ல. யாரு கேட்டாலும் ஒண்ணும் பேசமாட்டாரு. குதிச்சவன் பேர நான் சொல்லிக்கிட்டா அவன் எத மாட்டிக்குவான்னு எங்கிட்ட ஒரு நாளு சொன்னாரு” என்றார் ஆயா. அவன் பெயரை இவர்க்கும் அவர் கூறவில்லை.

பெரியப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஊர் முழுக்க அப்படித்தானே நினைச்சிருக்கு” என்றார். அவர் துயரம் நமக்கு விளங்கிற்று. தந்தை வீரர் என்பது அவர் தம் வாழ்நாளெல்லாம் சாய்ந்திருந்த சுவர். பொய்யென்று ஒருவன் சொல்லின் சினக்கலாம். தாயே சொல்லும்போது என்செய்வது? அவர் மகன் தான் பெற்ற பரிசுக் கோப்பையை யாது செய்வது என்று எம்மைத் தனியே வினவினான். ‘பேச்சுக்குக் கொடுத்தது, வைத்துக்கொள்’ என்றோம். வேறு யாது கூறுவது?

நமக்கும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. அச்சின்னம் நமது ஏட்டில் இல்லாத வகை. உலோகமே மிகுதியாகிய பிரெஞ்சுச் சின்னங்களுள் துணியில் தைத்தது அரிது. அதிலும் அணிந்து தேய்ந்தது மிக அரிது. நகரத்து வணிகரொருவர் அதற்கு ஆறாயிரம் ரூபாய் சொல்லியிருந்தார் என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஆயா எம்மிடம், “நீ வேணும்னா வெச்சிக்கோ கண்ணு” என்றார். கை நீளவில்லை. அளந்து வரைந்துகொண்டோம். ஏட்டில் ‘அணிந்த இடம்’ என்னும் பத்தியில் மற்றவற்றிற்கெல்லாம் விரற்கணக்கு எழுதியிருக்கிறோம், இதற்கு, ‘வல மார்பு, உடையவன் வேறு, தைக்க வைத்திருப்பது’ என எழுதினோம்.

சின்னம் மீண்டும் தகரப்பெட்டிக்கே சென்றது. இம்முறை பொத்தான்களோடு கலவாமல், ஒரு காகித உறையில், காக்கி நூற்கண்டு ஒன்றோடு. நூலை வைத்தவர் ஆயா.

கல்தச்சர் முன்பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமுடையவர் அல்லர். எனவே ஏதேனும் ஒரு குறி செதுக்கியே ஆக வேண்டும் என்றார். பெரியப்பா இரண்டு வாரம் விடை கூறவில்லை. பின் ஒருநாள் தாமே சென்று, பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அவற்றின்கீழ் ‘படைத் தையற்காரர்’ என்னும் இரு சொல், அதன்கீழ் ஓர் ஊசியும் நூலும் என்று எழுதிக் கொடுத்து வந்தார். கருங்கல்லில் ஊசி செதுக்கினால் கோடு போலவே இருக்கிறது, ஒருவருக்கும் விளங்காது என்று தச்சர் மறுத்துவிட்டார். கத்தரிக்கோல் ஒன்று செதுக்கினார். சற்றுப் பெரிதாகவே அமைந்துவிட்டது. ஆயா அதனைக் கண்டு, அவர் கத்தரிக்கோல் இதனினும் சிறிது என்றார்.